ரோமாபுரிச் சதியும் ஒரு டப்பா இறால் ஊறுகாயும்

ரோமாபுரியில் ஒரு சக்கரவர்த்தியைத் தீர்த்துக்கட்டச் சதி செய்து, கடைசியில் கோட்டை விட்ட ஒரு செனட்டரைப் பற்றி நான் வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன். கடலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு வரலாற்று ஆசிரியை வேலை. சிதம்பரத்தில் காலையில் பஸ் ஏறினால் முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று நின்று நின்று வந்து, முதல் பீரியடுக்கு மூச்சிரைக்கப் போய் நிற்பேன். அந்தச் செனட்டரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஆள் நல்ல உயரம், பார்க்க லட்சணம், பேச்சில் சர்க்கரை, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஒத்தாசை. சக்கரவர்த்தியால் நொந்துபோன பெரிய மனிதர்கள், படைக்காரர்கள், கவிஞர்கள் எல்லாரும் கூடிப் பேசி, இவரை அரியணையில் உட்கார வைப்போம் என்று முடிவு செய்கிறார்கள். நேரம் வரும்போது இவர் எழுந்து நின்று வாயைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் இவருடைய வேலை. அதை இவர் செய்யவில்லை.

“ஏன் மேம் செய்யல?” என்று ஒவ்வொரு வருஷமும் ஒருத்தி கேட்பாள்.

“பயந்தாங்கொள்ளி, அதான்” என்பேன். வகுப்பு சிரிக்கும். நான் நெல்லிக்குப்பத்துக்காரி. கரும்பு லாரி ஹாரனுக்கு மேலே கத்திப் பேசிப் பழகியதால் வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஒருவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த சிதம்பரத்து வீட்டிலும் ஒரு சக்கரவர்த்தி இருந்தார். என் வீட்டுக்காரருக்குப் பெரியத்தா, அதாவது அவர் அத்தாவின் அண்ணன். எனக்குப் பெரிய மாமா. என் வீட்டுக்காரரும் அவர் தங்கச்சியும் சின்ன வயதிலேயே அத்தா அம்மா இரண்டு பேரையும் இழந்தவர்கள். அவர்களைத் தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தது முழுக்கப் பெரிய மாமாதான். அந்த நன்றியைப் பற்றி எனக்கு ஒரு கேள்வியும் கிடையாது. மனுஷர் ஷார்ஜாவில் பாதி ஆயுசைக் கரைத்து ஒரு பலசரக்குக் கடையைப் பிடித்தார். அங்கே அதைப் பக்காலா என்பார்கள். முட்டி தேய்ந்து இனிமேல் நிற்க முடியாது என்று ஆனதும் ஊருக்கு வந்து ஈசிச்சேரில் உட்கார்ந்துகொண்டார். கடையைப் பார்த்துக்கொள்ளத் தம்பி மகனை, அதாவது என் மச்சானை, அனுப்பி வைத்தார். எங்கள் பக்கம் கட்டியவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம், இங்கும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

பெரிய மாமா சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அதுதான் கொடுமை. சத்தம் போட்டால் எதிர்த்துச் சத்தம் போடலாம். அவர் மெதுவாக, “சரிம்மா, அப்படியே செஞ்சிருவோம்” என்பார். அதற்குப் பிறகு எதுவும் நடக்காது. தொழுதுவிட்டு வருகிறவர்கள் அவரிடம் வந்து யோசனை கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். நான் வேலைக்குப் போகலாமா என்ற பேச்சு வந்தபோது, “எங்க வூட்டுப் பொண்ணு புரபசர்னு சொன்னா எனக்குத்தானே பெருமை” என்று ஒரே வார்த்தையில் முடித்து வைத்தவரும் அவர்தான்.

மச்சான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். இரண்டு மாசம் இருப்பார். மீதி நாளெல்லாம் நாங்கள் போனில் குடித்தனம் நடத்தினோம். சாயங்காலம் நான் வீடு வந்து சேர்ந்ததும் அவர் போனைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பிஸ்கட் பாக்கெட்டுக்குச் சாய்த்து நிறுத்திவிடுவார். நான் இங்கே என் போனை அரிசி டின்மேல் நிறுத்துவேன். பேசிக்கொண்டே இருக்க மாட்டோம். நான் பேப்பர் திருத்துவேன், அவர் வந்தவர்களுக்குக் குபூஸ் ரொட்டி எடுத்துக் கொடுப்பார். மலையாளத்திலும் அரபியிலும் இந்தியிலும் அவர் பேசுகிற குரல் எனக்குக் கேட்கும். என் கைவளைச் சத்தம் அவருக்குக் கேட்கும். சில நேரம் அவர் சட்டைக் கை மட்டும் திரையில் போய்ப் போய் வரும். அந்தச் சட்டைக் கையை நான் எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. தொட முடியாத ஒரு கையைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்று கோபம் வரும். மறுநாள் திரும்பவும் அரிசி டின்மேல் போனை நிறுத்துவேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒவ்வொரு லீவிலும் டாக்டரம்மாவைப் போய்ப் பார்ப்போம். போன தடவை அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “ரெண்டு பேருகிட்டயும் ஒரு குறையும் இல்லம்மா. முதல்ல ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருங்க, அப்புறம் எங்கிட்ட வாங்க” என்றார். வயசு நிற்கவா போகிறது? அன்று வீட்டுக்கு வரும் வழியில் மச்சான் பைக்கைக் கொண்டுபோய் கீரப்பாளையம் பஸ் ஸ்டாப் எதிரே நிறுத்தி, பூட்டிக் கிடந்த ஒரு கடையைக் காட்டினார். “இங்க ஒரு பேக்கரி போட்டா ஓடும்” என்றார். ஆள் அப்படித்தான். ஆசையை ஆசை என்று சொல்ல மாட்டார், கடையைக் காட்டுவார்.

அந்த லீவு முடிந்து அவர் போனதும்தான் எங்கள் சதி உருவானது. சதிகாரர்கள் மூன்று பேர். ஒன்று நான். இரண்டாவது என் நாத்தனார், மச்சானின் தங்கச்சி. அடுத்த தெருவில் கட்டிக் கொடுத்திருந்ததால் பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். மூன்றாவது ஆளைச் சொன்னால் சிரிப்பு வரும், சக்கரவர்த்தியின் சொந்த மகன். கடைக்குட்டி. வெளிநாடு போகத் துடித்துக்கொண்டிருந்த அவனைப் பெரிய மாமா குமராட்சியில் குத்தகைக்கு விட்ட நிலத்தைப் பார்க்கச் சொல்லிப் பக்கத்திலேயே வைத்திருந்தார். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் ஓடிப்போய்ப் பார்ப்பதும், தண்ணீர் வடிந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பதுமே அவனுக்கு உத்தியோகம். “மச்சி, அண்ணன் இங்க இருக்கட்டும், நான் அங்க போறேன். கடை அத்தாவுதுதானே? நான் போனா என்னா தப்பு?” என்று அவனே வந்து கேட்டான். அண்ணியை எங்களில் மச்சி என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

திட்டம் போட்டது நான். இதை மறைப்பானேன், சரித்திரம் படித்தவளுக்கு அதுகூடத் தெரியாதா! ரோமாபுரியில் அவர்கள் விளையாட்டுத் திடலில், அத்தனை ஜனத்துக்கும் நடுவில் காரியத்தை முடிப்பதாக இருந்தார்கள். ஒருவன் ஏதோ உதவி கேட்பது போலச் சக்கரவர்த்தியின் காலில் விழுந்து காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் பாய வேண்டும். எங்கள் திடல், மச்சான் திரும்பிப் போவதற்கு முன் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டில் கொடுக்கும் பயண விருந்து. பள்ளிவாசல் ஜமாஅத்துப் பெரியவர்கள் எல்லாரும் வருவார்கள். விருந்தாளிகள் முன்னால் பெரிய மாமா யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை, சொல்லவும் மாட்டார். சாப்பாடு முடிந்து, பயணம் நல்லபடி அமைய துஆ ஓதுவதற்கு முன் மச்சான் எழுந்து, “இந்தத் தடவ தம்பி போகட்டும் பெரியத்தா, நான் இங்கியே இருக்கேன்” என்று சொல்லிவிட வேண்டும். தம்பி உடனே, “ஆமா அத்தா” என்று எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை.

மச்சான் இந்தத் தடவை வந்து இறங்கிய நாலாம் நாள் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நெடுநேரம் தலையைச் சொறிந்தார்.

“அவரு போடற சோத்துக்கு முன்னாடியா? வந்தவங்க எதிர்ல அவர மடக்கறதா? அது நல்லாவா இருக்கும்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்தச் செனட்டரும் இதையேதான் சொன்னார். அவருடைய கடற்கரை மாளிகைக்குச் சக்கரவர்த்தி அடிக்கடி காவல் இல்லாமல் வந்து குளித்து, விருந்து சாப்பிட்டுப் போவார். அங்கேயே முடித்துவிடலாம் என்றார்கள் கூட்டாளிகள். என் வீட்டு விருந்து மேஜையை ரத்தமாக்க மாட்டேன் என்றுவிட்டார் இவர். “விருந்து மரியாதை பாத்துக்கிட்டே இருங்க, எனக்கு நரைச்சிரும்” என்று நான் வெடித்தேன். குமராட்சித் தம்பியின் ஆசையைச் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். கீரப்பாளையம் கடை இன்னும் காலியாக இருப்பதைச் சொன்னேன். ஒரு குடும்பத்தில் ஒருத்தரே காலமெல்லாம் போவது என்ன நியாயம் என்று கேட்டேன். வக்கீல் கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார். கடைசியில், “சரி, சொல்றேன்” என்றார். அன்றையிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் கால் வலிக்கவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கும்போது எனக்கு நானே சிரித்துக்கொள்ள, கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இங்கே பார்சல் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் யார் பயணம் புறப்பட்டாலும், அங்கே பிள்ளை வைத்திருக்கிற ஒவ்வொரு தாயும் ஒரு பார்சலோடு வருவாள். முறுக்கு, பருப்புப் பொடி, கருவாடு, வேப்பம்பூ வடகம், எது வேண்டுமானாலும் இருக்கும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பெட்டி கனத்தால் போகிறவர் தன் சட்டைத்துணியை எடுத்து வெளியே வைப்பாரே தவிர அடுத்தவர் பார்சலைத் தொட மாட்டார். ஏனென்றால் அது அமானிதம். நம்பி ஒப்படைத்த பொருள். அதை வாங்கிக்கொண்டு சேர்க்காமல் விட்டால் நாளைக்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஏமாற்றுவார்களோ மாட்டார்களோ, அமானிதத்தில் மட்டும் ஒருத்தரும் விளையாட மாட்டார்கள்.

விருந்துக்கு முதல் நாள் வியாழக்கிழமை நான் கல்லூரியில் இருந்தேன். நாத்தனார் வீட்டில் இருந்தாள். எங்கள் தெருக்கோடி வீட்டு மாமி ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா நிறைய இறால் ஊறுகாயைப் போட்டு, அதற்கு மேல் பாலிதீன் சுற்றி, டேப் ஒட்டி, துணியில் தைத்துக் கொண்டு வந்திருக்கிறார். அவர் மகன் ஷார்ஜாவில் எங்கள் கடைக்கு எதிரே ஒரு சலூனில் முடி வெட்டுகிறான். பரங்கிப்பேட்டை இறாலாக வாங்கி, இரண்டு நாள் வேலை செய்திருக்கிறார் பாவம். மச்சான் போகப்போவதில்லை என்று நாத்தனாருக்குத் தெரியும். தம்பிக்கு விசா வந்து அவன் போக எத்தனை நாள் ஆகுமோ யாருக்குத் தெரியும்? வாங்கி அலமாரியில் வைத்திருந்தால் போதும், ஊறுகாய்தானே, கெட்டா போய்விடப்போகிறது! ஆனால் அவளால் முடியவில்லை.

“இப்ப குடுக்காதீங்க மாமி. கொஞ்ச நாள் கழிச்சுக் குடுங்க” என்றிருக்கிறாள்.

சாயங்காலம் வந்ததும் அவளே கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்.

“அடிப் பாவி! வாங்கி வச்சா என்னாடி?”

“போகலன்னு தெரிஞ்சுக்கிட்டே ஒரு தாய் கையால குடுக்கற அமானிதத்த எப்படி மச்சி வாங்கறது? என்னால முடியல. கை வரல.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ரோமாபுரியில் என்ன நடந்தது தெரியுமா? முதல் குத்து என்னுடையது என்று கேட்டு வாங்கிய ஒரு ஆள், முதல் நாளே தன் கத்தியை எடுத்து வேலைக்காரனிடம் தீட்டக் கொடுத்தான். காயம் பட்டால் கட்டத் துணி எடுத்து வை என்றான். வேலைக்காரனின் பெண்டாட்டி இரண்டையும் கூட்டிப் பார்த்தாள், விடிந்ததும் சக்கரவர்த்திக்குச் சேதி போய்விட்டது. அந்த ஆளை முட்டாள் என்று வகுப்பில் திட்டுவேன். என் நாத்தனாரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியைச் சதிக்குச் சேர்த்தால் இப்படித்தான் ஆகும்.

கோடி வீட்டு மாமி காட்டிக் கொடுக்க வேண்டும் என்று போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் பெரிய மாமாவிடம் போயிருக்கிறார். “அண்ணே, என் பார்சல மட்டும் ஏன் வாங்க மாட்டேங்குறாங்க? நான் என்னா தப்பு பண்ணேன்?” என்று கேட்டிருக்கிறார். மாமிக்கு விளங்காதது பெரிய மாமாவுக்கு விளங்க அவ்வளவு போதாதா? எங்கள் தெருவில் பார்சலை வேண்டாம் என்றால் ஒரே அர்த்தம்தான், ஆள் போகவில்லை. பெரிய மாமா, “நாளைக்கு ஜும்ஆவுக்கு அப்புறம் எடுத்துக்கிட்டு வாம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எங்களுக்கே இது பிறகுதான் தெரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் என்னிடம், “நாளைக்குத் தால்ச்சாவுல மாங்கா போடச் சொல்லும்மா, அவனுக்குப் புடிக்கும்” என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டிருந்தேன். கூடத்தில் பாய் விரித்து, நாலு நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடும் சஹன் விருந்து. நெய்ச்சோறு, கறி, தால்ச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நானும் நாத்தனாரும். பரிமாறிக்கொண்டிருந்த தம்பி ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் அவன் முகத்தைப் பார்ப்பேன். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. மச்சான் பெரிய மாமாவோடு ஒரே தட்டில் உட்கார்ந்திருந்தார். திரை ஓரமாகப் பார்த்தேன். அவர் சாப்பிடவே இல்லை. தட்டில் ஒரே இடத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு எல்லாரும் திரும்ப உட்கார்ந்தார்கள். நான் தம்பியிடம், “அண்ணன்கிட்ட போய், மச்சி இப்ப சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு” என்றேன். அவன் போய்க் காதில் சொன்னான். மச்சான் தலையை ஆட்டினார். அப்போது பெரிய மாமா வாசல் பக்கம் பார்த்து, “வாம்மா” என்றார். கோடி வீட்டு மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றார். பெரிய மாமா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், அவர் கையிலிருந்து துணியில் தைத்த டப்பாவைத் தானே வாங்கி வந்து, அத்தனை பேர் முன்னால் மச்சானின் இரண்டு கையிலும் வைத்தார்.

“அமானிதம்ப்பா. அவ புள்ள கையில உன் கையால சேத்துரு.”

மச்சான் வாங்கினார். வாங்காமல் என்ன செய்வார்? நாத்தனார் என் தோளைப் பிடித்து நசுக்கினாள். இன்னும் ஒன்றும் கெடவில்லை, இப்பவாவது சொல்லுங்கள் மச்சான் என்று நான் திரைக்குப் பின்னால் நின்று மனசுக்குள் அலறினேன். மச்சான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“என்னை ஆளாக்குனது எங்க பெரியத்தா. அவரு இல்லன்னா நான் இல்ல. அவரு சொல்லி நான் எதையும் மீறினதில்ல, மீறவும் மாட்டேன். நான் நல்லபடியா போய்ச் சேரணும்னு எல்லாரும் துஆ செய்ங்க” என்றார்.

ஆமீன், ஆமீன் என்று கூடம் முழுக்கக் கை உயர்ந்தது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ரோமாபுரியில் சேதி கசிந்த அன்று காலை கூட்டாளிகள் செனட்டரிடம் ஓடி வந்து கெஞ்சினார்கள். இப்பவும் நேரம் இருக்கிறது, சந்தைத் திடலுக்கு வா, மேடையில் ஏறு, ஜனங்கள் உன் பின்னால் வரும், செத்தாலும் நின்று சாகலாம் என்றார்கள். மனுஷர் கொஞ்ச நேரம் தெருவில் நடந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். படைக்காரர்கள் வந்ததும் கையின் நரம்பை அறுத்துக்கொண்டார். விருந்துக்குப் பிறகு மச்சான் ஊரில் இருந்த நாட்களில் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டேன், துணி மடித்தேன், பெட்டி கட்டினேன். ஏர்போர்ட் போகும் வேனில் எல்லாரும் ஏறினார்கள், நான் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அவர் உள்ளே வந்து, “வர்றேன்” என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, “சரி” என்றேன். வேன் தெருமுனை திரும்பியதும் வாசலுக்கு ஓடினேன். புகை கூட இல்லை.

ஒரு மாசம் கழித்துத் தம்பி குமராட்சியிலிருந்து வந்தவன் என்னிடம், “மச்சி, அண்ணன் மேல கோவமா இருக்கீங்களா? ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது” என்று ஆரம்பித்தான். அன்று ஜும்ஆவுக்குப் போகும்போது பெரிய மாமாவைக் கைத்தாங்கலாக இரண்டு பேரும் கூட்டிப் போயிருக்கிறார்கள். வழியில் பெரிய மாமா நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, “நீ இங்கியே இருக்கறதா இருந்தா இருப்பா. நல்லதுதான். ஆம்பள வூட்ல இருக்கையில அந்தப் புள்ள எதுக்கு பஸ்ல இடிபட்டுக் கடலூருக்குப் போவணும்? நின்னுக்கச் சொல்லிரலாம்” என்றிருக்கிறார். அவ்வளவுதான். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. மச்சான் அவரைத் தாங்கிக்கொண்டு பள்ளிவாசல் வரைக்கும் நடந்திருக்கிறார். உள்ளே போகிறபோது, “அவளுக்கு ஒன்னும் தெரியாது பெரியத்தா. எல்லாம் என் யோசனதான். அவ வேலைக்குப் போகட்டும், நான் கெளம்பிர்றேன்” என்று சொல்லியிருக்கிறார்.

தம்பி போன பிறகு எனக்கு ரோமாபுரிதான் ஞாபகம் வந்தது. அந்தச் செனட்டர் சாகுமுன் ஒரு உயில் எழுதினார். பாடப் புத்தகத்தில் அது இல்லை, நானும் வகுப்பில் சொன்னதில்லை. தன்னைச் சாகடிக்கிற சக்கரவர்த்தியை அந்த உயில் முழுக்க வாய் கூசாமல் புகழ்ந்து தள்ளியிருந்தார். தான் போன பிறகு தன் பெண்டாட்டியை அவன் ஒன்றும் செய்யக் கூடாதே என்றுதான். படித்தபோது சீ என்றிருந்தது எனக்கு. கூடத்தில் மச்சான் பெரியத்தாவைப் புகழ்ந்த போதும் சீ என்றுதான் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு சரி என்று வழியனுப்பினேனே, அந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் வேலை முடிந்து கடலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வீடு போய்ச் சேரும் வரை பொறுக்க முடியவில்லை. “சிதம்பரம், சிதம்பரம், சிதம்பரம்” என்று கண்டக்டர்கள் கூவுகிற கூச்சலுக்கு நடுவே போன் போட்டேன். அங்கே கடையில் கூட்டம் இல்லாத நேரம். உடனே எடுத்தார்.

“தம்பி சொல்லிட்டான்” என்றேன்.

“அவன் வாய்ல ஒன்னும் தங்காது” என்றார்.

“யார் உங்கள கேட்டா? வேலை போனா போவுதுன்னு வுட்டுருக்கலாமே. அது என்னா பெரிய கலெக்டர் வேலையா?”

“நீ கிளாஸ்ல பேசறதை நான் கேட்டிருக்கேன். போன் ஆப் பண்ண மறந்து பையில போட்டுக்கிட்டு கிளாஸுக்குப் போயிட்ட ஒரு நாளு. ஒரு மணி நேரம் கேட்டேன். கடைக்கு வந்தவங்கள கூட கவனிக்கல. அத நிறுத்திட்டு நான் பேக்கரி வச்சு என்னா பண்றது?”

பஸ் ஒன்று கிளம்பி, புகையை முகத்தில் விட்டுப் போனது. ஜனங்கள் இடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் ஒரு தூணோரமாக ஒதுங்கி நின்று, புர்கா தலைப்பை வாய்மேல் பொத்திக்கொண்டு சொன்னேன். யார் கேட்டால் என்ன என்றிருந்தது.

“எனக்கு வேலை வேணாம் மச்சான். பேக்கரி வேணாம். டாக்டர் சொன்னது, புள்ள, நியாயம் ஒன்னும் வேணாம். எனக்கு நீங்கதான் வேணும். உங்கள வுட்டுட்டு இருக்க முடியல.”

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“இத இதுக்கு முன்னாடி நீ சொன்னதே இல்ல” என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். திட்டம் சொல்லியிருந்தேன், காரணம் சொல்லியிருந்தேன், ரோமாபுரியைக் கூடச் சொல்லியிருந்தேன்.

“சொல்லியிருந்தா?” என்று கேட்டேன்.

“மாமி வாசப்படியிலதானே நின்னுக்கிட்டு இருந்தாங்க” என்றார் மச்சான். “அமானிதத்த அவுங்க கையிலியே திருப்பிக் குடுத்துட்டு, பெரியத்தா, என்னால போக முடியாதுன்னு சொல்லியிருப்பேன்.”